பல்லுக்குக் கிளிப் போட்டவர்கள் செய்யும் தவறுகள் (எல்லாம் நான் செய்தவைதான்)

போன மாதம் அக்கா மகளுக்குப் பல்லில் கிளிப் போட்டார்கள். பத்தாவது படிக்கிறாள். மூன்றாவது வாரமே போன் வந்தது. "சித்தி, ஒரு கிளிப் கழண்டு கம்பியிலயே ஆடிட்டு இருக்கு. வலிக்கவே இல்ல. அடுத்த தடவை கம்பியை டைட் பண்ணப் போறப்போ சொல்லிக்கறேன்."

எனக்கு எரிச்சலாக வந்தது. 27 வயதில் கிளிப் போட்டுக்கொண்டு, இதே வார்த்தையை எனக்கு நானே சொல்லிக்கொண்டவள் நான்.

முறுக்கு கடிக்காதே, ஐஸ் கட்டியை மெல்லாதே, ரெண்டு வேளை பல் தேய் என்பதையெல்லாம் டாக்டரே ஒரு தாளில் அச்சடித்துக் கொடுத்துவிடுவார். அதை விட்டுவிடுகிறேன்.

கழண்ட கிளிப்பைப் "பார்த்துக்கலாம்" என்று விடுவது

எனக்குக் கழண்டது முருங்கைக்காயால். சாம்பாரில் கிடந்த துண்டைப் பல்லால் உருவினேன். நார் ஒன்று கீழ்வரிசையில் இடப்பக்கத்து பிராக்கெட்டின் இடுக்கில் மாட்டியது. இழுத்தேன், டக்கென்றது, அவ்வளவுதான்.

பிராக்கெட் என்பது பல்லின் மேல் பசையால் ஒட்டிய சின்னச் சதுரம். பசை விட்டாலும் ஒரு குட்டி ரப்பர் வளையம் அதைக் கம்பியோடு சேர்த்துப் பிடித்திருக்கும். அதனால் கீழே விழாது. வலிக்கவும் வலிக்காது. நாக்கால் தள்ளினால் ஊசல் மாதிரி அங்கும் இங்கும் போகும். எனக்கு அது விளையாட்டாகக்கூட இருந்தது. தீபாவளி வந்தது, ஆபீஸ் வேலையாக வெளியூர் போனேன், ஐந்து வாரம் ஓடிவிட்டது.

பல்லை நகர்த்துவது கம்பி. அந்தக் கம்பிக்குப் பல்மேல் இருக்கும் ஒரே பிடி பிராக்கெட். சிகிச்சை நடக்கும்போது பல்லைச் சுற்றியுள்ள எலும்பு ஒருபக்கம் கரைந்து மறுபக்கம் வளர்ந்துகொண்டே இருக்கும். அந்த நேரத்தில் பிடி விட்ட பல் சும்மா நிற்காது. வந்த வழியே திரும்பும், அல்லது பக்கத்துப் பல் தள்ளத் தள்ளத் திருகிக்கொள்ளும்.

"எப்போ கழண்டுச்சு?" என்றார் டாக்டர்.

"நேத்து ராத்திரி டாக்டர்."

அவர் ஒன்றும் சொல்லவில்லை. கண்ணாடியை என் கையில் கொடுத்தார். மற்ற பற்களெல்லாம் நேராக நிற்க, அது மட்டும் பந்தியில் பக்கத்து இலையை எட்டிப் பார்ப்பவர் மாதிரி ஒருக்களித்து நின்றது. ஒரே ராத்திரியில் எந்தப் பல்லும் அப்படித் திரும்பாது என்று எனக்கே தெரிந்தது.

அதற்கப்புறம்தான் நஷ்டக் கணக்கு. எனக்கு ஆரம்பத்தில் போட்டது 0.014 அங்குல நிக்கல் டைட்டானியம் கம்பி. கோணல் பல்லுக்கெல்லாம் வளைந்து போய், மெதுவாக நிமிர்ந்து பல்லையும் இழுத்துவரும். பற்கள் வரிசைக்கு வர வர, படிப்படியாகத் தடித்த கம்பிக்கு ஏறுவார்கள். 9 மாதம் கழித்து நான் 0.019க்கு 0.025 அங்குலச் செவ்வக ஸ்டீல் கம்பிக்கு வந்து சேர்ந்திருந்தேன். அது வளைந்து கொடுக்காது. திருகிய பல்லில் மறுபடி ஒட்டிய பிராக்கெட்டுக்குள் அது நுழையவே இல்லை. அதைக் கழற்றிவிட்டு, முதல் மாதம் போட்ட மெல்லிய கம்பியையே திரும்பப் போட்டார். பல் பிடுங்கிய இடைவெளியை மூடும் வேலை அப்படியே நின்றது. முன்பற்களின் நடுக்கோடு ஒரு பக்கமாக இழுபடக் கூடாது என்று வலப்பக்கத்தையும் நிறுத்தி வைத்தார்.

18 மாதம் என்று சொன்னது 22 ஆனது. மறுபடி ஒட்டக் கொடுத்த காசைக்கூட மறந்துவிட்டேன். அந்த நாலு மாதத்துக்குள் தம்பி கல்யாணம் வந்தது. ஆல்பம் முழுக்க உதட்டை இறுக்கிக்கொண்டு, யாரோடோ சண்டை போட்டவள் மாதிரி நிற்கிறேன்.

அதனால் கழண்ட அன்றைக்கே போன் பண்ணுங்கள். எந்தப் பக்கம், மேலா கீழா, எத்தனையாவது பல் என்று சொல்லுங்கள். டைட் பண்ணப் பத்து நிமிடம் போதும். பல்லைச் சுத்தம் செய்து, உலர்த்தி, மறுபடி ஒட்ட அதைவிட நேரம் வேண்டும். சொல்லாமல் வழக்கமான நாளில் போய் நின்றால், கூட்டமாக இருக்கிறது, வேறொரு நாள் வாருங்கள் என்று அனுப்பிவிடுவார்கள். முழுதாகக் கையோடு வந்துவிட்டால் ஒரு சின்ன டப்பாவில் போட்டு எடுத்துப் போங்கள். வீட்டில் இருக்கும் பசையை வைத்து ஒட்டிப் பார்த்த ஒருவரை எனக்குத் தெரியும். வேண்டாம்.

சில கழண்டிருப்பதே தெரியாது. ராத்திரி பல் தேய்த்த பிறகு நகத்தால் ஒவ்வொன்றாக லேசாகத் தட்டிப் பாருங்கள். கம்பியோடு வழுக்கிக்கொண்டு போனால் அது கழண்டதுதான்.

ரப்பர் பேண்டை ரெண்டாக மாட்டுவது

மேல்வரிசைக்கும் கீழ்வரிசைக்கும் மாட்டும் ரப்பரை எனக்கு தினமும் 22 மணி நேரம் போடச் சொன்னார்கள். மூன்று நாள் மறந்துவிட்டு, நாலாம் நாள் ஈடுகட்ட ஒரு பக்கத்துக்கு ரெண்டு மாட்டினேன். தாடை கழன்றுவிடும்போல் வலித்தது. கூடுதலாக இழுத்தால் பல் வேகமாக வராது, வேருக்குத்தான் கேடு. மறந்த நாள் மறந்த நாள்தான்.

கண்ணாடி நிற வளையம்

பிராக்கெட்டைக் கம்பியோடு பிடிக்கும் ரப்பர் வளையத்தைக் கண்ணாடி நிறத்தில் கேட்டு வாங்கினேன். சாம்பார் சாப்பிட்டேன், ஒரே நாளில் மஞ்சளாகிவிட்டது. அடர் நீலம் கேளுங்கள்.

பிராக்கெட்டின் மேல் மட்டும் தேய்ப்பது

கண்ணாடியில் உலோகம் பளபளத்தால் போதும் என்று நினைத்தேன். அழுக்கு சேர்வது பிராக்கெட்டுக்கும் ஈறுக்கும் நடுவில் உள்ள அந்த மெல்லிய ஓரத்தில். அங்கே தங்கும் கிருமிகள் விடும் அமிலம் எனாமலிலிருந்து தாதுவைக் கரைத்துவிடும். கிளிப் கழற்றிய அன்று, பிராக்கெட் இருந்த சதுரத்தைச் சுற்றிச் சுண்ணாம்பு பூசினாற்போல் வெள்ளைத் திட்டு தெரியும். எனக்கு ரெண்டு பல்லில் இருக்கிறது. பிரஷ்ஷை மேலிருந்து ஒருமுறை, கீழிருந்து ஒருமுறை சாய்த்துப் பிடியுங்கள். கம்பிக்கு அடியில் நுழைய ஒல்லியான இடுக்கு பிரஷ் தனியாகக் கிடைக்கும். ஃபுளோரைடு உள்ள பேஸ்ட்டாக இருக்கட்டும். வெண்மையாக்கும் பேஸ்ட் இப்போது எதற்கு? பிராக்கெட்டுக்கு அடியில் அது போகப்போவதில்லை.

மெழுகு

கன்னத்தில் உரசும் பிராக்கெட்டின் மேல் வைக்கும் மெழுகு ஈரத்தில் ஒட்டாது. துடைத்துவிட்டு வையுங்கள்.

நகவெட்டி

இடைவெளி மூட மூடக் கம்பியின் நுனி பின்னால் நீண்டு கன்னத்தைக் குத்தும். பல் நகர்கிறது என்று சந்தோஷப்படலாம். வெட்ட மட்டும் வேண்டாம். துண்டு தொண்டைக்குள் போய்விடும். மெழுகு வைத்துக்கொண்டு டாக்டரிடம் போங்கள்.

ரிடெய்னரும் வெந்நீரும்

கிளிப் கழற்றிய பிறகு பல் பழையபடி திரும்பாமல் இருக்க மாட்டும் பிளாஸ்டிக் ரிடெய்னரைப் பச்சைத் தண்ணீரில்தான் கழுவ வேண்டும். என்னுடையதை அம்மா, கிருமி போகட்டும் என்று இட்லிச் சட்டியில் கொதித்த தண்ணீரில் போட்டு எடுத்தார். அப்பளம் மாதிரி சுருண்டு வந்தது. மறுபடி அளவெடுக்க அம்மாவும் கூடவே வந்தார்.