பேஸ் கிட்டாரிலிருந்து டபுள் பேஸுக்கு: கச்சேரிகளை விடாமல் மாறுவது எப்படி

பதினேழு ஆண்டுகள் நான் பேஸ் கிட்டார் மட்டுமே வாசித்தேன். பெரம்பூரில் தேவாலயப் பாடகர் குழு, முகூர்த்த நாள்களில் மெல்லிசைக் குழு, ஞாயிறு மதியங்களில் ஒரு ஹோட்டலில் பியானோ, டிரம்ஸ், பேஸ் என்று மூவர் குழு. வீட்டு வாடகை முழுவதும் அந்த நான்கு தந்திகளிலிருந்து வந்தது. ஆகவே வயலின் குடும்பத்திலேயே மிகப் பெரிய, நிமிர்த்தி நிறுத்தி வாசிக்கும் டபுள் பேஸ் மீது ஆசை வந்தபோது, கச்சேரிகளை ஆறு மாதம் நிறுத்திவிட்டுப் பழக வசதி இல்லை. பகலில் புதிய வாத்தியம், மாலையில் பழைய வாத்தியம் என்று ஓராண்டு ஓடியது. அதே நிலையில் இருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். இரண்டிலும் தந்திகள் ஒன்றே: ஈ, ஏ, டி, ஜி. நம் சுருதிக் கணக்கில் மூன்று, ஆறு, இரண்டு, ஐந்து கட்டை. அதனால் பாதி வேலை முடிந்துவிட்டது என்று தோன்றும். முடியவில்லை. வீணை வாசிப்பவர் சித்திரவீணைக்குப் போவதைப் போன்றது இது. சுர இடங்களைக் காட்டும் மெட்டுகள், அதாவது ஃப்ரெட்டுகள், போய்விட்டன. 1951இல் அமெரிக்கக் கிட்டார் தயாரிப்பாளர் லியோ ஃபெண்டர் தன் மின் பேஸ் கிட்டாருக்கு 'ப்ரெசிஷன்' என்று பெயர் வைத்ததே ஃப்ரெட் தரும் துல்லியத்துக்காகத்தான். அந்தத் துல்லியத்தை இனி உங்கள் காதும் தோளும் தர வேண்டும்.

வாத்தியம் தேடும்போது

சென்னையில் இருப்பவர் என்றால் ஒட்டுப்பலகையில் செய்த பேஸையே வாங்குங்கள். முழுமரத்தைச் செதுக்கிச் செய்த வாத்தியத்தின் நாதம் அழகானது. ஆனால் ஆகஸ்ட் மாதப் புழுக்கத்திலிருந்து குளிரூட்டிய கூடத்துக்கும், அங்கிருந்து மீண்டும் புழுக்கத்துக்கும் வாரம் மூன்று முறை போய்வந்தால் அந்த மரம் விரிசல் விடும். ஒட்டுப்பலகை அதைப் பொறுத்துக்கொள்ளும். அளவு முக்கால் என்று சொல்வார்கள். குறைந்த அளவு என்று தயங்க வேண்டாம், உலகில் பெரும்பாலோர் வாசிப்பது அதைத்தான்.

நான் வாங்கியது ஓய்வுபெற்ற ஸ்டுடியோக் கலைஞர் ஒருவரிடமிருந்து. வாங்கிய விலையில் நான்கில் ஒரு பங்கு அதைச் சரிசெய்யவே போயிற்று. அதைச் செலவாக நினைக்காதீர்கள். தந்திகளைத் தாங்கும் குதிரை உயரமாக இருந்தால் இரண்டே வாரத்தில் இடது மணிக்கட்டு வலிக்கும், நீங்களும் விட்டுவிடுவீர்கள். விரல்பலகையின் கீழ்முனையில் அளந்தால் என் வாத்தியத்தில் ஜி தந்தி பலகையிலிருந்து 6 மில்லிமீட்டர், ஈ தந்தி 9 மில்லிமீட்டர் உயரத்தில் நிற்கிறது. பேஸ் கிட்டாரில் இரண்டு மில்லிமீட்டருக்குப் பழகிய கைக்கு இதுவே மலை. குதிரையில் திருகாணி பொருத்தச் சொல்லுங்கள். பருவத்துக்குப் பருவம் உயரம் மாறும், நீங்களே திருகிக்கொள்ளலாம்.

தந்தி எஃகாக இருக்கட்டும். குடல் தந்தியின் ஒலியில் எனக்கும் மயக்கம் உண்டு. ஆனால் நம் ஈரக்காற்றில் அது சுருதியில் நிற்காது. வியன்னாவின் தோமாஸ்டிக் நிறுவனத்தின் ஸ்பைரோகோர் தந்தியில், இழுவிசை குறைந்த வகையை நான் போட்டிருக்கிறேன். தந்தி மாற்றும்போது ஒவ்வொன்றாக மாற்றுங்கள். நான்கையும் ஒரே நேரத்தில் தளர்த்தினால் உள்ளே அழுத்தத்தில் மட்டுமே நிற்கும் சவுண்ட் போஸ்ட் என்ற குச்சி விழுந்துவிடும். அதை எடுத்து நிறுத்தத் தெரிந்தவர்கள் நம் ஊரில் மிகக் குறைவு.

நிற்பதும் இடக்கையும்

கீழே உள்ள ஊன்றுகோலை எவ்வளவு இழுக்க வேண்டும்? முதல் அரைச் சுரத்தில் சுட்டுவிரலை வைத்தால் அது உங்கள் கண் அல்லது புருவ மட்டத்தில் இருக்க வேண்டும். நான் ஐந்தடி நான்கு அங்குலம். எனக்கு அரைச் சாண் இழுத்தால் போதும். வாத்தியத்தின் பின்விளிம்பு இடது இடுப்பின் முன்பக்கம் சாயட்டும். பிறகு இரண்டு கைகளையும் எடுத்துப் பாருங்கள். வாத்தியம் விழாமல் உங்கள் மீது சாய்ந்து நின்றால் நிலை சரி. விழுகிறது என்றால் இடக் கட்டைவிரல் அதைத் தூக்கிப் பிடித்திருந்தது என்று பொருள். அந்தக் கட்டைவிரலின் வேலை அதுவல்ல.

பேஸ் கிட்டாரில் விரலுக்கு ஒரு ஃப்ரெட் என்று நான்கு விரல்களையும் பரப்பிப் பழகியிருப்போம். இங்கே அதை மறந்துவிட வேண்டும். பேஸ் கிட்டாரின் தந்தி 34 அங்குலம். டபுள் பேஸில் ஏறத்தாழ 42. கழுத்தின் மேல்முனையில் ஒரு முழுச் சுர இடைவெளியே 11 சென்டிமீட்டர் வரும். ஆகவே 19ஆம் நூற்றாண்டில் வியன்னாவில் கற்பித்த பிரான்ஸ் சிமாண்டல் வகுத்த முறையையே இன்றும் உலகெங்கும் பழகுகிறார்கள்: சுட்டுவிரல், நடுவிரல், சிறுவிரல். மோதிரவிரல் தனியாக வேலை செய்வதில்லை, சிறுவிரலோடு சேர்ந்து அழுத்தும். ஒரு நிலையில் சுட்டுவிரலிலிருந்து சிறுவிரல்வரை ஒரு முழுச் சுரம் மட்டுமே. அதற்கு மேல் வேண்டுமானால் விரலை நீட்டாதீர்கள். கையை முழுதாக நகர்த்துங்கள்.

தந்தியை அழுத்துவது விரல்களின் பிடி அல்ல, கையின் கனம். கிணற்றுக் கயிற்றில் கையைத் தொங்கவிட்டு இழுப்பதைப்போல, முழங்கையைச் சற்று உயர்த்தி முதுகிலிருந்து கனத்தை விரலுக்கு இறக்குங்கள். கட்டைவிரலை முற்றிலும் எடுத்துவிட்டு வாசித்துப் பாருங்கள். சத்தம் வருகிறதென்றால் சரியாகச் செய்கிறீர்கள்.

முதல் மாதம் ஒரு அமர்வு இருபது நிமிடம், நாளுக்கு இரண்டு. கூட்டாதீர்கள். தசை களைத்துப்போவது இயல்பு. மணிக்கட்டிலோ முழங்கையிலோ குத்தல் வந்தால் அன்றைக்கு அவ்வளவுதான். மாலையில் கச்சேரிக்கு அதே கை வேண்டும் என்பதை மறக்க வேண்டாம்.

சுருதிப் பெட்டி

இந்த மாற்றத்தில் எனக்கு மிக அதிகம் உதவிய பொருள் எங்கள் வீட்டு அலமாரியில் தூங்கிக்கொண்டிருந்தது. அக்கா பாட்டுக் கற்ற நாள்களின் மின்னணுச் சுருதிப் பெட்டி. மேலை நாட்டு ஆசிரியர்களும் ஒரே சுரத்தை ஒலிக்கவிட்டுப் பழகச் சொல்கிறார்கள். நமக்கோ அது பிறந்த வீட்டுச் சொத்து.

செய்யும் முறை இது. பெட்டியை ஐந்து கட்டையில் வையுங்கள். ஜி ஸ்கேலை மிக மெதுவாக, ஒவ்வொரு சுரத்துக்கும் நான்கு எண்ணிக்கை கொடுத்து, வில்லால் வாசியுங்கள். மேடையில் நீங்கள் வில்லே தொடப்போவதில்லை என்றாலும் வீட்டில் வில் வேண்டும். மீட்டிய ஒலி தேய்ந்து மறைந்துவிடும், பிழையை மூடிவிடும். வில்லின் ஒலி நீண்டு நிற்கும். சுருதி விலகியிருந்தால் பெட்டியின் நாதத்தோடு உரசி அலையலையாகக் கேட்கும். அந்த அலை அடங்கும்வரை விரலை நகர்த்துங்கள். அடங்கிய இடத்தைத் தோள் நினைவில் வைத்துக்கொள்ளும்.

வாத்தியமே இன்னொரு சாட்சி. டி தந்தியில் மேலே ஜி சுரத்தைச் சரியாகப் பிடித்தால், நீங்கள் தொடாத ஜி தந்தி தானாக அதிரும். கொஞ்சம் விலகினாலும் அது ஊமையாகிவிடும். முதல்முறை அந்தத் தந்தி தானாகப் பாடிய காலை எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. அன்றுதான் இந்த வாத்தியத்தை விடமாட்டேன் என்று தெரிந்தது.

கைக்கு இரண்டு மைல்கற்கள் உண்டு. கழுத்து உடலோடு சேரும் வளைவில் கட்டைவிரல் முட்டும்போது, சுட்டுவிரல் ஜி தந்தியில் டி சுரத்தின்மேல் நிற்கும். சில வாத்தியங்களில் அது ஈ ஃப்ளாட். உங்களுடையது எது என்று முதல் நாளே பார்த்துவிடுங்கள். இன்னொன்று, தந்தியின் சரிபாதி. அங்கே லேசாகத் தொட்டாலே மேல் ஸ்தாயி சுரம் மணிபோல ஒலிக்கும். பக்கவாட்டில் பென்சில் புள்ளி வைத்துக்கொள்ளலாமா என்று கேட்பார்கள். வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் மேடை விளக்கு அணைந்தால் புள்ளி தெரியாது.

வில்லுக்குத் தேய்க்கும் ரோசின் பற்றி ஒரு வார்த்தை: பேஸ் ரோசின் மென்மையானது. மே மாதத்தில் திறந்து வைத்தால் வெல்லப்பாகுபோல் ஓடிவிடும். மூடிய டப்பியில், நிழலில்.

வலக்கை

விரல்நுனியால் கொக்கிபோல மேலே இழுக்கும் பழக்கத்தை விடுங்கள். சுட்டுவிரலின் பக்கத் தசையைத் தந்தியோடு நீளவாட்டில் படியவைத்து, கையின் கனத்தோடு அடுத்த தந்தியை நோக்கி விடுங்கள். இடம், விரல்பலகையின் கீழ்முனை அருகே. அமெரிக்காவின் மோட்டவுன் இசை நிறுவனப் பதிவுகளில் வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சன் டபுள் பேஸிலிருந்து மின் பேஸுக்கு வந்தவர். டபுள் பேஸின் வழக்கப்படி மின் பேஸையும் சுட்டுவிரல் ஒன்றாலேயே வாசித்தார். நாம் எதிர்த்திசையில் போகிறோம். ஒரு விரல் எவ்வளவு தாளத்தைத் தாங்கும் என்பதை அவர் வாசிப்பில் கேட்டுக்கொள்ளலாம்.

சுரங்களைக் குறையுங்கள். இங்கே ஒவ்வொரு சுரமும் ஒரு மலர்ச்சியோடு தொடங்கித் தேய்கிறது. பேஸ் கிட்டாரில் பத்துச் சுரத்தில் சொன்னதை நான்கில் சொல்லலாம். கேட்பவருக்கு அது கூடுதலாகத்தான் தோன்றும்.

மேடைக்குக் கொண்டுபோவது

நான்காம் மாதம் தொடங்கினேன். முழுக் கச்சேரிக்கு அல்ல. ஹோட்டல் மூவர் குழுவில் ஒரே ஒரு மெதுவான பாட்டு, ஜி ஸ்கேலில். மீதி எல்லாம் பேஸ் கிட்டார். இரண்டு வாரம் கழித்து மூன்று பாட்டு. எட்டாம் மாதம் ஒரு முழுப் பகுதி. குழுவினரிடம் முன்பே சொல்லி ஒப்புதல் வாங்குங்கள். சொல்லாமல் கொண்டுபோய் அவர்கள் சுருதியையும் கெடுத்தால் அடுத்த அழைப்பு வராது.

மெல்லிசை மேடையில் நமக்கே உரிய ஒரு சோதனை உண்டு. பாட்டுத் தொடங்க அரை நிமிடம் இருக்கும்போது பாடகர் திரும்பி, "அரைக் கட்டை இறக்கிக்கொள்ளுங்கள்" என்பார். பேஸ் கிட்டாரில் ஒரு ஃப்ரெட் நகர்ந்தால் முடிந்தது. கீபோர்டில் ஒரு பொத்தான். டபுள் பேஸிலோ, ஐந்து கட்டையில் நான்கு திறந்த தந்திகளையும் நம்பி நிம்மதியாக வாசித்துக்கொண்டிருந்தவர் நாலரைக் கட்டைக்குப் போனால், நான்கு திறந்த தந்திகளில் ஒன்றுகூட அந்த ஸ்கேலில் இருக்காது. எல்லாவற்றையும் அழுத்தியே வாசிக்க வேண்டும். விரலுக்கு ஓய்வும் இல்லை, காதுக்கு ஒப்பிட ஆதாரமும் இல்லை. எனக்கு இது ஒரு திருமண வரவேற்பில் நடந்தது. பல்லவி முழுவதும் சுருதி கீழே தொங்கியது. வயலின் வாசித்த அண்ணன் திரும்பிப் பார்த்தார், எதுவும் சொல்லவில்லை. அன்றிரவிலிருந்து மேடைக்குக் கொண்டுபோகும் எந்தப் பாட்டையும் மூல ஸ்கேல், அரைக் கட்டை கீழே, ஒரு கட்டை கீழே என்று மூன்றிலும் பழகாமல் கொண்டுபோவதில்லை. அதுவும் திறந்த தந்தியைத் தொடாமல் ஒருமுறை.

ஒலிபெருக்கம்: குதிரையில் பொருத்தி அதன் அதிர்வை மின்னலையாக மாற்றும் பீசோ பிக்கப் எளிய வழி. அதை நேரடியாக மிக்ஸரில் செருகினால் தகரம்போல் ஒலிக்கும். குறைந்தது 1 மெகாஓம் உள்ளீட்டு மின்தடை கொண்ட சிறிய ப்ரீஆம்ப் (முன்பெருக்கி) ஒன்றை இடையில் வையுங்கள். 10 மெகாஓம் இருந்தால் இன்னும் நல்லது. அதில் கீழ் அதிர்வெண்ணை வெட்டும் ஹை பாஸ் ஃபில்டரும், ஒலி அலையின் ஃபேஸை (phase) தலைகீழாகத் திருப்பும் பொத்தானும் இருக்க வேண்டும். திறந்த ஈ தந்தியே 41 ஹெர்ட்ஸ். அதற்குக் கீழே வருவது மேடைப் பலகையின் உறுமல் மட்டுமே, வெட்டிவிடலாம். ஊளைச்சத்தம் வந்தால் முதலில் அந்தப் பொத்தானை அழுத்துங்கள், பிறகு ஆம்ப் இருக்கும் இடத்திலிருந்து இரண்டடி விலகுங்கள். சவுண்ட் செக்கில் உங்கள் எதிரே இருக்கும் மானிட்டரில் பேஸே வேண்டாம் என்று சொல்லிவிடலாம். வாத்தியம் உங்கள் மார்புக்கு அருகில்தான் ஒலிக்கிறது.

தூக்கிச் செல்வது

ஆட்டோவில் போகாது. சிறிய கார் என்றால் பின்னிருக்கையை மடக்கி, முன்னிருக்கையைச் சாய்த்து, கழுத்தை முன்பக்கம் நீட்டி, பக்கவாட்டில் படுக்கவைக்கலாம். குழுவின் ஸ்பீக்கர்கள் போகும் குட்டி யானையில் ஏற்ற மாட்டேன். ஒருமுறை ஏற்றியதில் குதிரை சாய்ந்துவிட்டது. வெயிலில் நிறுத்திய காருக்குள் பத்து நிமிடம்கூட விடாதீர்கள். பசை இளகிவிடும்.

அந்தப் பசை பற்றி அழுத்திச் சொல்ல வேண்டும். குளிரூட்டிய கூடத்தில் ஓரிரு மணி நேரம் நின்றபின் விளிம்பில் ஒட்டு விட்டு, சில சுரங்களில் மட்டும் வண்டு ரீங்காரம்போல் அதிர்வு கேட்கலாம். விரல் முட்டியால் விளிம்பு முழுவதும் தட்டிப் பாருங்கள். ஒட்டு விட்ட இடம் பொள்ளென்று ஒலிக்கும். அவசரத்துக்குப் பக்கத்துத் தச்சரிடம் வெள்ளைப் பசை போடச் சொல்லிவிடாதீர்கள். இந்த வாத்தியத்தின் விளிம்புகள் வஜ்ஜிரம் என்ற விலங்குத் தோல் பசையால் ஒட்டப்படுகின்றன. மரம் இழுக்கும்போது வஜ்ஜிரம் விட்டுக்கொடுக்கும், மரம் பிழைக்கும்; பிறகு சூடாக்கி மறுபடி ஒட்டலாம். வெள்ளைப் பசை விட்டுக்கொடுக்காது, பலகைதான் பிளக்கும். வயலின் பழுது பார்ப்பவரிடமே போங்கள்.

பையில் எப்போதும் ஒரு கயிற்றுக் கால்மிதி வைத்திருக்கிறேன். கல்யாண மண்டபத்துப் பளிங்குத் தரையில் ஊன்றுகோல் வழுக்கும். அதன்மேல் ஊன்றினால் அசையாது.

பேஸ் கிட்டாரை விற்றுவிடலாமா என்று கேட்பவர்களுக்கு: விற்காதீர்கள். குத்துப் பாட்டுகளும் இரட்டைப் பாஸ் டிரம்மும் உள்ள திறந்தவெளி மேடைக்கு இன்றும் நான் அதைத்தான் எடுத்துச் செல்கிறேன். ஐம்பதுகளின் பாடல்கள், கிறிஸ்துமஸ் கீதங்கள், பியானோவோடு சிறிய அறை, மைக் இல்லாமல் பாடும் ஒரு குரல் என்றால் பெரியவரை அழைத்துப் போகிறேன். அழைப்பு வரும்போது மூன்று கேள்விகள் கேட்பேன்: டிரம்ஸ் உண்டா, மேடைக்குப் படி எத்தனை, பாடகர் எந்தக் கட்டை.