உருபு விழுங்கிய எழுத்து: என் அனுபவம்

தமிழில் கிரிப்டிக் குறுக்கெழுத்து (குறிப்புக்குள்ளேயே விடையின் பொருளும் ஒரு சொல் விளையாட்டும் ஒளிந்திருக்கும் புதிர்) அமைக்கும்போது என்னைப் படுத்தியெடுத்தது வேற்றுமை உருபுதான். 'தகவு' என்ற விடைக்கு வழி தயாராகவே இருந்தது: 'கதவு' கலைந்தால், அதாவது எழுத்துகள் இடம் மாறினால் போதும். 'கதவைத் தட்டும் தகுதி' என்று எழுதினால் படிக்க ஜோர். ஆனால் 'வு' இருக்க வேண்டிய இடத்தில் 'வை' அல்லவா நிற்கிறது! போதாததற்கு ஒரு 'த்' வேறு. விடை தேடுபவர் எதைக் கலைப்பார்?

அப்புறம் வழி பிடிபட்டது. கலைக்க வேண்டிய சொல்லை எழுவாயாக்கிவிடுவேன். எழுவாய்க்கு உருபு கிடையாது, எழுத்து அப்படியே நிற்கும். 'தகுதி பார்த்தா கதவு ஆடும்? (3)'. 'தகுதி' விடையின் நேர்பொருள், 'ஆடும்' கலைக்கச் சொல்லும் சைகை, (3) விடையின் எழுத்து எண்ணிக்கை. உருபில்லாமல் வாக்கியம் இயல்பாக வரவில்லையென்றால் அந்தச் சொல்லையே விட்டுவிடுகிறேன்.

பொருளை வைத்து ஒட்டும் குறிப்பில் இந்தக் கட்டுப்பாடு தேவையில்லை. 'கொடு மானுக்கு, சேற்றில் பூத்ததை (3)': தா, மரை (மான் வகை), சேர்ந்தால் தாமரை. மானுக்கு உருபு இருந்தால் என்ன, அங்கே வேண்டியது எழுத்து இல்லையே.

கட்டம் போடும்போது இன்னொன்று: 'ம்', 'ல்' என்று முடியும் கட்டத்திலிருந்து நெடுக்குச் சொல்லைத் தொடங்க முடியாது. தமிழ்ச்சொல் மெய்யில் தொடங்காது. அந்தக் கட்டங்களை முதலிலேயே குறித்துக்கொள்கிறேன்.