மாலத்தீவு ரிசார்ட்: குடும்பத்தோடு போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மாலத்தீவுக்குக் குடும்பத்தோடு போக நினைப்பவர்கள் முதலில் அறையின் படத்தைத்தான் பார்க்கிறார்கள். தண்ணீருக்கு மேல் நிற்கும் மரவீடு, படுக்கையிலிருந்து எட்டிப் பார்த்தால் நீலக் கடல். பார்த்ததும் பணம் கட்டத் தோன்றிவிடும். ஆனால் மாலத்தீவில் பெரும்பாலும் ஒரு தீவுக்கு ஒரு ரிசார்ட்தான். 1972இல் குரும்பா என்ற தீவில் முதல் ரிசார்ட் திறந்ததிலிருந்து இதுவே அங்கு வழக்கம். சாப்பாடு பிடிக்கவில்லை என்று தெருமுனை ஓட்டலுக்குப் போக முடியாது. ராத்திரி குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் மருந்துக்கடை கிடையாது. அந்த நான்கைந்து நாளும் வீட்டில் உள்ள எல்லோருக்கும் அந்தத் தீவுதான் உலகம். அதனால் அறையைப் பிறகு பார்க்கலாம், முதலில் தீவைப் பாருங்கள்.

தீவுக்கு எப்படிப் போவது என்ற கேள்வியைப் பலர் பணம் கட்டிய பிறகுதான் கேட்கிறார்கள். மாலே விமான நிலையத்துக்கு அருகில் உள்ள தீவுகளுக்கு ஸ்பீட்போட்டில் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். தொலைவில் இருப்பவற்றுக்குச் சீப்ளேன், அதாவது தண்ணீரில் இறங்கி ஏறும் சிறு விமானம். சீப்ளேன் பகல் வெளிச்சத்தில் மட்டும்தான் பறக்கும். உங்கள் விமானம் பிற்பகல் மூன்றரைக்கு மேல் இறங்கினால் அன்றைக்குத் தீவுக்குப் போய்ச் சேர்வது சந்தேகம். மாலேயிலோ பக்கத்துத் தீவான ஹுல்ஹுமாலேயிலோ ஓர் இரவு தங்கவேண்டி வரும், ரிசார்ட்டில் அன்றைய அறை வாடகையும் ஓடிக்கொண்டிருக்கும். திரும்பும்போதும் இதே சிக்கல்தான். காலை 9 மணிக்கு ஊருக்கு விமானம் என்றால், முந்தைய நாளே தீவை விட்டுக் கிளம்ப வேண்டியிருக்கலாம். எனவே விமான டிக்கெட்டையும் தீவையும் ஒன்றாக வைத்துப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

தாத்தா பாட்டி வருகிறார்கள் என்றால் இன்னும் யோசிக்க வேண்டும். சீப்ளேன் மிதக்கும் மேடையில் வந்து நிற்கும், அலைக்கு மேடை ஆடும். குறுகலான படியில் ஏறி, குனிந்து உள்ளே போக வேண்டும். உள்ளே சத்தம் அதிகம், கழிப்பறை கிடையாது. பெட்டி 20 கிலோ, கைப்பை 5 கிலோ என்பதுதான் வழக்கமான வரம்பு. மூட்டு வலி உள்ளவர்களுக்கு இது சின்ன விஷயம் இல்லை. ஸ்பீட்போட்டில் அரை மணி நேரத்தில் போய்ச் சேரும் தீவு, படத்தில் கொஞ்சம் சாதாரணமாகத் தெரிந்தாலும், பெரியவர்களுக்கு அதுதான் நல்லது. முழுநேர மருத்துவர் தீவிலேயே இருக்கிறாரா, அறையிலிருந்து சாப்பாட்டுக் கூடத்துக்கு எவ்வளவு தூரம், பேட்டரி வண்டி கூப்பிட்டால் வருமா என்பதையும் எழுதிக் கேளுங்கள். தண்ணீருக்கு மேலுள்ள வில்லாக்களின் மரப்பாலம் சில தீவுகளில் முக்கால் கிலோமீட்டர்கூட நீளும்.

குழந்தைகள் விஷயத்தில் நடக்கும் மிகப்பெரிய தவறு, தண்ணீருக்கு மேல் நிற்கும் வாட்டர் வில்லாவை எடுப்பது. படத்தில் அழகாகத் தெரியும் அந்த மரத்தளத்தில் பல இடங்களில் கைப்பிடிச் சுவரே இருக்காது. படியிறங்கினால் நேராகக் கடல். நான்கு வயதுக் குழந்தையை வைத்துக்கொண்டு அங்கே தாய் தகப்பன் ஒரு நிமிடம் கண் அசர முடியாது. இதனாலேயே சில ரிசார்ட்டுகள் சின்னக் குழந்தைகளுடன் வருபவர்களுக்கு வாட்டர் வில்லா கொடுப்பதில்லை. வேறு சில, பொறுப்பு உங்களுடையது என்று கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுக்கின்றன. நீச்சல் நன்றாகத் தெரியாத பிள்ளைகள் இருந்தால் பீச் வில்லா போதும். கதவைத் திறந்தால் மணல், பிள்ளைகள் தாங்களாகவே விளையாடிக்கொள்வார்கள். கட்டாயம் வாட்டர் வில்லா வேண்டும் என்றால் கடைசி ஒரு நாள் மட்டும் மாறிக்கொள்ளும் வசதியைப் பல ரிசார்ட்டுகள் தருகின்றன.

அறை எதுவானாலும், அதற்கு முன்னால் இருக்கும் கடல் எப்படிப்பட்டது என்று தெரிந்துகொள்ளுங்கள். இதற்கு ரிசார்ட்டின் விளம்பரப் படங்களைவிடக் கூகுள் மேப்பின் செயற்கைக்கோள் படம் நல்ல உதவி. வெளிர் பச்சை கலந்த நீலம் என்றால் ஆழமில்லாத மணல்தரை. பழுப்புத் திட்டுகள் பவளமோ கடற்புல்லோ. அதைத் தாண்டிச் சட்டென்று கருநீலம் தொடங்கும் இடத்தில் தரை செங்குத்தாக இறங்குகிறது. அந்தக் கருநீலக் கோடு கரைக்குப் பக்கத்திலேயே இருந்தால் மீன் பார்க்கப் பிரமாதமான தீவு, ஆனால் நீரோட்டம் இருக்கும், சிறுவர்களைத் தனியே இறக்க முடியாது. வெளிர்நீலம் அகலமாகப் பரந்திருந்தால் குழந்தைகள் இடுப்பளவுத் தண்ணீரில் ஆடலாம். ஆனால் அங்கே ஸ்நார்கெலிங் (மூச்சுக்குழாய் வைத்து மிதந்தபடி மீன் பார்ப்பது) செய்ய அநேகமாகப் படகில்தான் போக வேண்டும். இரண்டும் ஒரே தீவில் கிடைப்பது அரிது. உங்கள் வீட்டுக்கு எது வேண்டும் என்று முன்பே பேசி முடிவெடுங்கள். பவளம் முக்கியம் என்பவர்கள் அண்மையில் போய் வந்தவர்களின் படங்களைப் பாருங்கள். 1998இலும் 2016இலும் கடல் சூடேறி அங்கே ஏராளமான பவளம் வெளுத்துப் போனது. பழைய படங்களில் தெரியும் நிறம் இப்போதும் இருக்கும் என்று நம்ப முடியாது.

அப்புறம் மாதம். நம் பிள்ளைகளுக்கு மே மாதம் விடுமுறை, மே மாதம் நமக்குக் கடும் வெயில். அங்கும் அப்படியே இருக்கும் என்று நினைத்துவிடுகிறோம். டிசம்பர் முதல் ஏப்ரல் வரைதான் மாலத்தீவில் தெளிந்த வானம். மே மாதம் தென்மேற்குப் பருவக்காற்று தொடங்கிவிடும், அறை வாடகை இறங்குவதற்குக் காரணமும் அதுதான். நாள் முழுக்க மழை கொட்டும் என்றில்லை, நடுநடுவே நல்ல வெயிலும் வரும். ஆனால் காற்றும் அலையும் கூடும், ஸ்பீட்போட் பயணம் குலுக்கும். இந்த மாதங்களில் மேற்குப் பார்த்த அறைக்கு, சூரியன் மறைவதைப் பார்க்கலாம் என்று கூடுதல் பணம் கட்டாதீர்கள். காற்று அடிப்பதே அந்தப் பக்கம்தான். கிழக்குப் பக்க அறை விலையும் குறைவு, கடலும் அமைதி. டிசம்பருக்குப் பிறகு இது தலைகீழாகும். பருவத்துக்குப் பருவம் மணலே தீவைச் சுற்றி இடம் மாறும் என்பதால், ஒரு பக்கம் கரை குறுகி, இன்னொரு பக்கம் விரிந்திருக்கும். என் கருத்தைக் கேட்டால், பள்ளித் தேர்வு முடிந்த கையோடு ஏப்ரலிலேயே போய்வருவது நல்லது.

இனி விலை. இணையத்தில் பார்க்கும் தொகைக்குப் பக்கத்தில் ‘ப்ளஸ் ப்ளஸ்’ என்று போட்டிருந்தால் வரி தனி என்று அர்த்தம். 10 சதவீதம் சேவைக் கட்டணம், அதையும் சேர்த்த தொகைக்கு 17 சதவீதம் சுற்றுலா வரி (2025 ஜூலையிலிருந்து இந்த விகிதம்). இரண்டும் சேர்ந்து 28.7 சதவீதம். இது போக ரிசார்ட்டில் ஆளுக்கு ஓர் இரவுக்கு 12 டாலர் பசுமை வரி. 2 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குக் கிடையாது. ஓர் அறை இரவுக்கு 500 டாலர் என்று வைத்துக்கொள்வோம். நான்கு இரவுக்கு 2,000. வரியோடு 2,574. நான்கு பேருக்குப் பசுமை வரி 192. சீப்ளேனுக்குப் பெரியவர்களுக்குத் தலா 500, பிள்ளைகளுக்குத் தலா 300 என்றால் 1,600. மொத்தம் 4,366 டாலர். இதில் மதியச் சாப்பாடு இன்னும் சேரவில்லை. கிறிஸ்துமஸ், புத்தாண்டு இரவுகளில் தங்கினால் பல இடங்களில் விருந்துக் கட்டணமும் கட்டாயம்.

சாப்பாட்டுத் திட்டத்தில் சிக்கனம் பார்ப்பது பிள்ளைகள் உள்ள வீட்டுக்குச் சரிவராது. ஹாஃப் போர்டு என்றால் காலையும் இரவும் மட்டும். மதியம் ஆளுக்கு ஒரு சாண்ட்விச், ஜூஸ் என்றாலே பில் எகிறும், குடிதண்ணீர் பாட்டிலுக்குக்கூடச் சில இடங்களில் காசு. மூன்று வேளையும் அடங்கிய ஃபுல் போர்டோ, குடிபானங்களும் சேர்ந்த ஆல் இன்க்ளூசிவோ எடுத்துவிடுங்கள். சைவம் மட்டும் சாப்பிடுகிறவர்கள் ‘இந்தியச் சாப்பாடு உண்டு’ என்ற ஒரு வரியை நம்பாமல், இந்தியச் சமையல்காரர் இருக்கிறாரா, தினமும் சைவத்தில் என்ன வைப்பார்கள் என்று கேளுங்கள். ‘குழந்தைக்கு இலவசம்’ என்பதிலும் வயது வரம்பைப் பார்க்க வேண்டும். பெரும்பாலும் 12 வயதோடு சலுகை நின்றுவிடும், 13 வயதுப் பையனுக்குப் பெரியவர் கணக்கு. இரண்டு பெரியவர், இரண்டு பிள்ளைகள் என்றால் பல வில்லாக்களில் அனுமதியே இல்லை, இரண்டாவது அறை எடுக்கச் சொல்வார்கள். பெரியவர்களுக்கு மட்டுமேயான தீவுகளும் உண்டு. குழந்தைகளின் வயதைச் சரியாகப் போட்டுத் தேடினால்தான் இதெல்லாம் முன்பே தெரியும்.

சுங்கச் சோதனை பற்றி ஒரு வார்த்தை. மதுவும் பன்றியிறைச்சியும் கொண்டுபோகத் தடை என்பது பலருக்குத் தெரியும். வழிபாட்டுச் சிலைகளுக்கும் தடை உண்டு. தினமும் பூஜை செய்யும் பாட்டி பையில் சின்னப் பிள்ளையார் வைத்திருந்தால், கிளம்பும் முன்பே பக்குவமாக எடுத்துச் சொல்லிவிடுங்கள், விமான நிலையத்தில் அவர் மனம் நோக வேண்டாம். திரும்பும்போது பிள்ளைகள் பொறுக்கிய பவளத் துண்டுகளை அந்தக் கரையிலேயே விட்டுவிட வேண்டும். அவற்றை நாட்டுக்கு வெளியே எடுத்துச் செல்வது அங்கே குற்றம்.