வேலைக்கு ஓர் அட்டை: மொன்ட்கோமரிப் பெண்களைச் சுவரில் வைப்பது

மார்ச் 8 பெண்கள் தினத்துக்கு மட்டக்களப்புப் பாடசாலையொன்றில் கறுப்பினப் பெண்களைப் பற்றிச் சுவர்க் கண்காட்சி வைப்பதென்றால், ரோசா பார்க்ஸின் படத்தை மட்டும் மாட்டிவிட்டு ஓயவேண்டாம். 1955 டிசம்பர் 5 தொடங்கி 381 நாள் அமெரிக்காவின் மொன்ட்கோமரி நகர பஸ்களை, அவற்றில் இருந்த நிறப்பிரிவினைக்கு எதிராக, புறக்கணித்தது கறுப்பின மக்கள் ஊரே கூடிச் செய்த காரியம். அதனால் ஆளுக்கு ஓர் அட்டை என்று பிரிக்காமல் வேலைக்கு ஓர் அட்டை என்று பிரியுங்கள். ஐந்து பிரிஸ்டல் போட் போதும்.

முதல் அட்டை, பஸ்ஸில் வெள்ளையருக்கு இடம் விட்டு எழும்ப மறுத்தவர்கள். இங்கேதான் பிழை கூட வரும். 15 வயது கிளோடெட் கொல்வின் 1955 மார்ச் 2இலேயே கைதானவர். பார்க்ஸ் ஒன்பது மாதம் பிந்தி, டிசம்பர் 1இல். பார்க்ஸைக் கால் வலித்த கிழவியாக எழுதாதீர்கள். வயது 42, கறுப்பினத்தவர் உரிமைச் சங்கமான NAACPயின் ஊர்க் கிளைச் செயலாளராக இருந்தவர்.

இரண்டாவது, அச்சடித்தவர்கள். கல்லூரி ஆசிரியை ஜோ ஆன் ரொபின்சன் பார்க்ஸ் கைதான அன்றிரவே கல்லூரி ரோனியோவில் துண்டுப்பிரசுரம் ஓட்டினார்: ஒரு தாளில் மூன்று பிரதி, பிறகு வெட்டு. அதேபோல ஒரு தாளைப் பாதி வெட்டி ஒட்டினால் பிள்ளைகள் நின்று பார்ப்பார்கள்.

மூன்றாவது, சமைத்தவர்கள். ஜோர்ஜியா கில்மோரும் கூட்டாளிகளும் கோழிப் பொரியல், கேக் விற்றுப் போராட்டத்துக்குப் பணம் சேர்த்தார்கள். குழுவின் பெயர் 'எங்கிருந்தும் வராத கழகம்'. காசு எங்கிருந்து என்று கேட்டால், 'எங்கிருந்தும் இல்லை' என்றால் முடிந்தது. கொடுத்தவரின் வேலை பறிபோகாது. நம்மூர்ச் சோற்றுப் பார்சல் ஒன்றின் படத்தை அருகில் வையுங்கள், விளக்கம் தேவைப்படாது.

நான்காவது, பஸ் நிறப்பிரிவினைக்கு எதிராக வழக்குப் போட்டவர்கள்: பிரவுடர், கொல்வின், ஸ்மித், மக்டொனால்ட். பார்க்ஸ் இதில் இல்லை. 1956 நவம்பர் 13இல் உச்ச நீதிமன்றத்தில் வென்றது இந்த வழக்குத்தான்.

ஐந்தாவதை வெறுமையாக விடுங்கள். 'நம் ஊரில் இதே வேலைகளைச் செய்த பெண்கள் யார்?' என்ற கேள்வி மட்டும். பிள்ளைகள் வீட்டில் கேட்டு வந்து எழுதட்டும். ஆண்டை இரண்டு பேரிடம் கேட்டு ஒத்துப் பார்க்கவேண்டும். குடும்பத்தார் சம்மதிக்காமல் படம் ஒட்டவேண்டாம்.

தலைப்பு எழுத்து 2 அங்குலம், உள்ளே அரை அங்குலம். அட்டைக்கு 40 சொல்லைத் தாண்டினால் நெரியும். பெயர்களின் எழுத்துக்கூட்டலை முதலே ஒரு தாளில் எழுதி எல்லோருக்கும் கொடுங்கள்; இல்லாவிட்டால் ஒரே ஆள் மூன்று பெயரில் தொங்குவார். சுண்ணாம்புச் சுவரில் செலோடேப் தூளோடு கழன்று வரும். ஜன்னலுக்கு ஜன்னல் கயிறு கட்டி உடுப்புக் கிளிப் போடுங்கள். கீழ் மூலைகளுக்கும் இன்னொரு கயிறு வேண்டும், கடற்காற்றில் அட்டை சுருண்டுவிடும்.