மரபணு மாற்றில்லாத குஞ்சுத் தீவனம்: எங்கே தவறு நடக்கிறது?

நாட்டுக்கோழி வளர்ப்பவர்கள் பலர் மக்காச்சோளத்தை மரபணு மாற்றுப் பயிர் என்று நினைத்து ஒதுக்கிவிடுகிறார்கள். நம் ஊர் வயல்களில் விளைவது வீரிய ஒட்டு ரகம். அது வேறு, மரபணு மாற்று வேறு. இந்தியாவில் வணிகரீதியாகப் பயிரிடப்படும் மரபணு மாற்றுப் பயிர், 2002இல் அனுமதி பெற்ற பி.டி. பருத்தி மட்டுமே. உள்ளூர் மக்காச்சோளம், கம்பு, அரிசிக் குருணை எல்லாவற்றையும் தாராளமாகப் போடலாம்.

விசாரிக்க வேண்டியது சோயா புண்ணாக்கைத்தான். மத்தியப் பிரதேசம், மகாராஷ்டிரத்தில் விளையும் சோயா மரபணு மாற்றில்லாதது. ஆனால் 2021இல் விலை எகிறியபோது, 12 லட்சம் டன் மரபணு மாற்று சோயா புண்ணாக்கை இறக்குமதி செய்ய மத்திய அரசு அனுமதித்தது. எனவே மூட்டை எங்கிருந்து வந்த சரக்கு என்று கேட்டு, பில்லிலேயே எழுதி வாங்குங்கள். பருத்திக்கொட்டைப் புண்ணாக்கு வேண்டவே வேண்டாம். பி.டி. என்பது ஒருபுறம் இருக்க, அதிலுள்ள காசிப்பால் என்ற நச்சு குஞ்சின் வளர்ச்சியைக் கெடுக்கும்.

சோயாவுக்குப் பயந்து கம்பும் குருணையும் மட்டும் போடுவது இன்னும் பெரிய தவறு. அவற்றில் புரதம் 8 முதல் 12 சதவீதம்தான். முதல் எட்டு வாரம் குஞ்சுக்குச் சுமார் 20 சதவீதம் தேவை. குறைந்தால் இறகு சரியாக முளைக்காது, குஞ்சுகள் ஒன்றையொன்று கொத்தத் தொடங்கும்.

10 கிலோ கலக்க: உடைத்த மக்காச்சோளம் 5.5 கிலோ, சோயா புண்ணாக்கு 3 கிலோ, தவிடு 700 கிராம், உப்பிடாத கருவாட்டுத் தூள் 500 கிராம், தாது உப்புக் கலவை 300 கிராம். வைட்டமின், மெத்தியோனின் (புரதத்தின் ஒரு கூறு) இரண்டும் பாக்கெட்டில் சொன்ன அளவு. உப்புக் கருவாடு போட்டால் உப்பு மிகுந்து குஞ்சு சாகக்கூடும். பச்சைச் சோயாவை அப்படியே அரைத்துப் போட்டால் புரதம் செரிக்காது. பூசணம் பிடித்த கடலைப் புண்ணாக்கில் அஃப்ளாடாக்சின் நஞ்சு இருக்கும், ஈரலைத் தின்றுவிடும். முட்டைக்கோழித் தீவனத்தில் சுண்ணாம்புச் சத்து 3.5 சதவீதத்துக்கு மேல்; குஞ்சின் சிறுநீரகம் தாங்காது.

இப்படி நாமே கலக்கும் தீவனத்தில் ரத்தக்கழிச்சல் நோய்க்கான தடுப்பு மருந்து இருக்காது. ஈரக் கூளத்தில்தான் அந்த நோய்க் கிருமி பெருகும். அதனால் தரையில் பரப்பிய கூளத்தைத் தினமும் கையில் அள்ளி அழுத்திப் பாருங்கள். உருண்டையாக ஒட்டினால் அந்த இடத்தை வாரிவிட்டுக் காய்ந்த உமி போடுங்கள். தண்ணீர்க் குடுவையைச் சுற்றித்தான் முதலில் நசநசக்கும்.