பழைய வீட்டு சோலார் ஹீட்டருக்கு டைமர் போடப் போகிறீர்களா?

அம்பாசமுத்திரத்தில் எங்கள் பூர்வீக வீட்டு மாடியில் 100 லிட்டர் சோலார் வாட்டர் ஹீட்டர் ஒன்று இருக்கிறது. வெயில் காலத்தில் அதைப் பற்றி நினைக்கவே வேண்டாம். ஆனி, ஆடியில் மலையிலிருந்து சாரல் இறங்கினாலோ, ஐப்பசி, கார்த்திகையில் மழை பிடித்துக்கொண்டாலோ, தொட்டிக்குள் இருக்கும் 2 கிலோவாட் மின் காயிலைப் போட்டால்தான் வெந்நீர். யாராவது சுவிட்சைப் போடுவார்கள், அணைக்க மறந்துவிடுவார்கள். ஒரு டைமரும், தண்ணீரின் சூட்டைப் பார்த்துத் தானே போட்டு அணைக்கும் நல்ல தெர்மோஸ்டாட்டும் மாட்டிவிட்டால் பிரச்சினை தீர்ந்தது என்று நினைத்துத்தான் நாங்களும் தொடங்கினோம். அதில் செய்த தவறுகளும், பிறகு அக்கம்பக்கத்து வீடுகளில் பார்த்த தவறுகளும்தான் இவை.

எர்த் எங்கே போகிறது என்று பார்க்காமல் தொடங்குவது

இதுதான் பெரிய தவறு. மற்றவை பணத்தோடு போகும், இது உயிரோடு விளையாடுவது.

கசிகிற கரண்டை மண்ணுக்குள் இறக்கிவிடும் வழிதான் எர்த். நம் பக்கத்துப் பழைய வீடுகள் பலவற்றில் அதற்குத் தனிக் குழி கிடையாது. எர்த் கம்பியைக் கொண்டுபோய் இரும்புத் தண்ணீர்க் குழாயில் கிளாம்ப் போட்டுக் கட்டியிருப்பார்கள். குழாய் மண்ணுக்குள் போவதால் அந்தக் காலத்தில் அது ஒருவாறு வேலை செய்தது. எங்கள் வீட்டில் குழாய் துருப்பிடித்து, சிபிவிசி குழாயாக மாற்றினோம். பிளம்பர் தன் வேலையைச் சுத்தமாக முடித்துவிட்டுப் போய்விட்டார். பிளாஸ்டிக் குழாயில் மின்சாரம் போகாது, ஆகவே அன்றைக்கே வீட்டின் எர்த் அறுந்துவிட்டது என்பதை அவரும் யோசிக்கவில்லை, நாங்களும் யோசிக்கவில்லை. இரண்டு மாதம் கழித்து அம்மா சொன்னாள்: "குளியலறைக் குழாயத் தொட்டா சுள்ளுங்கு."

ஈரக் கையோடு, ஈரத் தரையில் வெறுங்காலோடு நிற்கும் இடம் அது. அன்றைக்கே மெயினை இறக்கிவிட்டு, கொல்லையில் புது எர்த் குழி போட்டோம். குழி போட்டால் போதாது, எர்த் டெஸ்டர் வைத்து அளக்கச் சொல்லுங்கள். எர்த்தின் தடை 5 ஓமுக்குள் இருந்தால் நல்லது. நாங்குநேரி, வள்ளியூர் பக்கம் கோடையில் மண் காய்ந்தால் இந்த எண் ஏறிவிடும். சித்திரை, வைகாசியில் குழிக்கு அவ்வப்போது ஒரு குடம் தண்ணீர் ஊற்றுங்கள்.

எர்த்தோடு 30 மில்லியாம்பியர் ஆர்.சி.சி.பி.யும் (கரண்ட் கசிந்தால் தானே விழுந்து லைனைத் துண்டிக்கும் சுவிட்ச்) வேண்டும். அளவுக்கு மேல் கரண்ட் ஓடினால் விழும் எம்.சி.பி. இருக்கிறதே என்று பலர் விட்டுவிடுகிறார்கள். எம்.சி.பி. வயரைக் காப்பாற்றும், மனிதரைக் காப்பாற்றாது. எங்கள் வீட்டில் ஆர்.சி.சி.பி. மாட்டியதும் உடனே விழுந்துவிட்டது. மறுபடி தூக்கினால் மறுபடி விழுந்தது. எலக்ட்ரீசியன் கேட்டார்: "அண்ணாச்சி, இது நிக்க மாட்டேங்கு. எடுத்துட்டு நேரா கொடுத்துரட்டுமா?" தயவுசெய்து இதற்குச் சரி என்று சொல்லிவிடாதீர்கள். அது விழுவதற்குக் காரணம் இருக்கும். எங்களுக்கு இரண்டு காரணம் இருந்தது. பழைய வயரிங்கில் இரண்டு அறைகளின் நியூட்ரல் (கரண்ட் திரும்பிப் போகும் கம்பி) ஒன்றாக முறுக்கப்பட்டிருந்தது. காயிலின் உறையிலும் கீறல் விழுந்து கரண்ட் தண்ணீரில் கசிந்துகொண்டிருந்தது. அம்மாவுக்குச் சுள்ளென்றது அதனால்தான். கருவி சரியாகத்தான் வேலை செய்தது.

பீங்கான் பியூஸ் உள்ள பழைய போர்டில் இன்னொன்றையும் பாருங்கள். பேஸ் (கரண்ட் வரும் கம்பி), நியூட்ரல் இரண்டிலும் பியூஸ் இருக்கும். நியூட்ரல் பியூஸ் மட்டும் போனால் ஹீட்டர் நின்றுவிடும், ஆனால் காயிலில் பேஸ் இருந்துகொண்டே இருக்கும். ஹீட்டருக்கு இரண்டு கம்பியையும் ஒருசேரத் துண்டிக்கும் டி.பி. சுவிட்ச்தான் போட வேண்டும்.

சூரியனுக்கு வேலை இல்லாமல் செய்வது

தெர்மோஸ்டாட் இருக்கிறது, தானாக நின்றுவிடும் என்று காயிலை எப்போதும் ஆனிலேயே விடுகிற வீடுகள் நிறைய. தெர்மோஸ்டாட்டுக்குத் தண்ணீரின் சூடு மட்டும்தான் தெரியும், காலையில் வெயில் வரப்போகிறது என்பது தெரியாது. சாயங்காலம் குளித்து முடித்ததும் தொட்டிக்குள் பச்சைத் தண்ணீர் இறங்கும். காயில் உடனே அதைச் சூடாக்கிவிடும். மறுநாள் வெயில் ஏறும்போது தொட்டி ஏற்கெனவே சூடாக இருக்கும். அப்புறம் மாடியில் வெயிலை வாங்கும் கண்ணாடிக் குழாய்கள் எதற்கு?

கணக்கைப் பாருங்கள். 100 லிட்டரை 28 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்கு ஏற்ற ஏறக்குறைய 3.7 யூனிட் ஆகும். 2 கிலோவாட் காயிலுக்கு அது 1 மணி 50 நிமிட வேலை. தினமும் இப்படி ஒரு தடவை ஓடினால் இரண்டு மாதத்துக்கு 220 யூனிட்டுக்கு மேல். மின்வாரியம் தரும் இலவச யூனிட்டையெல்லாம் இதுவே விழுங்கிவிடும்.

அதனால் டைமரும் தெர்மோஸ்டாட்டும் ஒன்றன் பின் ஒன்றாக இருக்க வேண்டும். விடியற்காலை 4.15 முதல் 6.15 வரை மட்டும் டைமர் அனுமதி தரும். அந்த நேரத்தில் தண்ணீர் குளிர்ந்திருந்தால் மட்டும் தெர்மோஸ்டாட் காயிலைப் போடும். நேற்றைய வெயிலின் சூடு மிச்சமிருந்தால் ஒன்றும் ஓடாது. பங்குனி முதல் வைகாசி வரை டி.பி. சுவிட்சையே அணைத்துவிடலாம்.

டைமர் வாங்கும்போது உள்ளே பேட்டரி இருக்கிறதா என்று கேளுங்கள். மாதாந்திரப் பராமரிப்பு மின்தடையில் ஐந்து மணி நேரம் கரண்ட் போனால், பேட்டரி இல்லாத டைமரின் கடிகாரமும் ஐந்து மணி நேரம் நின்றுவிடும். அதன்பின் அது 4.15 என்று நினைப்பது நமக்குக் காலை 9.15. வெயில் ஏறுகிற நேரத்தில் காயில் ஓடத் தொடங்கும்.

தெர்மோஸ்டாட்டுக்காகச் சூட்டை அளக்கும் சென்சார் இருக்கும் உயரமும் முக்கியம். சூடான தண்ணீர் தொட்டியின் மேல்பாதியில் நிற்கும், பச்சைத் தண்ணீர் அடியில் கிடக்கும். சென்சாரை அடியில் வைத்தால், மேலே நாலு பேருக்கான வெந்நீர் இருக்கும்போதே "குளிர்ந்துவிட்டது" என்று சொல்லும்.

மிச்சம் பிடிக்க நினைத்து 45 டிகிரியில் வைப்பது

இதைச் செய்யாதீர்கள். வெதுவெதுப்பாகவே நாள்கணக்கில் நிற்கும் தண்ணீரில் லெஜியோனெல்லா என்ற பாக்டீரியா வளரும். நுரையீரலைத் தாக்கும் கிருமி அது, 60 டிகிரி சூட்டில்தான் அழியும். தெர்மோஸ்டாட் 60-ல் இருக்கட்டும், ஓடும் நேரத்தைக் குறைத்து மிச்சம் பிடியுங்கள். 20 லிட்டர் வாளியில் குளிக்கிற பதத்துக்கு 60 டிகிரித் தண்ணீர் ஏழரை லிட்டர் இருந்தாலே போதும். ஆனால் அந்தச் சூடு சில நொடிகளில் தோலைப் பொசுக்கிவிடும். குழந்தைகளும் வயதானவர்களும் இருக்கும் வீட்டில் வாளியில் முதலில் பச்சைத் தண்ணீர், அதன் மேல்தான் வெந்நீர் என்பதைப் பழக்கமாக்குங்கள்.

தெர்மோஸ்டாட்டைத் தவிர கட்-அவுட் என்று இன்னொன்று இருக்கும். தெர்மோஸ்டாட் சிக்கிக்கொண்டு தண்ணீர் அளவு மீறிச் சூடானால் கரண்டை நிறுத்துவது அதுதான். அது அடிக்கடி விழுகிறது என்று கம்பியை நேராக இணைத்து விடுவதை இரண்டு வீடுகளில் பார்த்தேன். நெஞ்சு பதறியது. அடைபட்ட தொட்டியில் தண்ணீர் கொதித்தால் தொட்டி வெடிக்கும்.

வேறு சில: 2 கிலோவாட் என்றால் கிட்டத்தட்ட 9 ஆம்பியர். 10 ஆம்பியர் ஸ்மார்ட் பிளக்கில் தினமும் இரண்டு மணி நேரம் ஓட்டினால் அது உருகிவிடக்கூடும். கான்டாக்டர் (டைமர் சொன்னபடி பெரிய லோடைப் போட்டு அணைக்கும் சுவிட்ச்) வைத்து, 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு வயரில் தனி லைன் இழுங்கள். அந்த லைன் இன்வெர்ட்டர் பக்கம் போகக் கூடாது. தாமிரபரணித் தண்ணீர் வரும் வீட்டுக்குக் கவலை குறைவு. ராதாபுரம், திசையன்விளை பக்கம் போர் தண்ணீர் என்றால் காயிலிலும் சென்சாரிலும் உப்பு ஏறி, அளவு தப்பும். வருஷம் ஒருமுறை கழற்றிச் சுத்தம் செய்ய வேண்டும்.

கடைசியாக, கையால் போடுவதற்கு ஒரு சுவிட்ச் இல்லாத கருவியை வாங்காதீர்கள். எங்கள் முதல் டைமர் அப்படித்தான். தீபாவளி வந்தது, வெளியே மழை, வீட்டில் பதினோரு பேர். எல்லோரும் தலையில் எண்ணெயோடு மூன்று மணிக்கே எழுந்து உட்கார்ந்திருக்கிறார்கள், டைமரோ 4.15-க்குத்தான் விழிக்கும். அம்மா விறகடுப்பில் தவலையை ஏற்றினாள். இப்போது டைமருக்குப் பக்கத்திலேயே அவள் கைக்கு எட்டும் உயரத்தில் ஒரு மாற்று சுவிட்ச் இருக்கிறது. மேலே அவளே "தீவாளி" என்று எழுதி ஒட்டியிருக்கிறாள்.