பிள்ளையோடு மலையகத்துக்கு வரும் இரண்டு அம்மாமாருக்கு

கனடாவிலோ இங்கிலாந்திலோ நீங்கள் இருவருமே பிள்ளைக்குத் தாய். ஹட்டனிலோ நுவரெலியாவிலோ குடியேறியதும் சட்டத்தின் கண்ணில் ஒருவர்தான் தாய், மற்றவர் யாரோ. ஒருபால் திருமணத்தை இலங்கை ஏற்பதில்லை. 1941ஆம் ஆண்டின் மகவேற்புச் சட்டப்படி, கணவன் மனைவியாக இல்லாத இருவர் சேர்ந்து தத்தெடுக்கவும் முடியாது. போதாக்குறைக்கு, ஒரே பாலினருக்கிடையிலான பாலுறவைக் குற்றமாக்கும் தண்டனைச் சட்டக்கோவையின் 365அ பிரிவு வேறு. 1995இல் திருத்தியபோது பெண்களும் அதற்குள் வந்துவிட்டார்கள். அதை மாற்றும் சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணில்லை என்று 2023 மே மாதம் உயர் நீதிமன்றமே சொல்லியும் பிரிவு நீங்கவில்லை. பெரிய அநியாயம் இது.

பெற்றவர் கொழும்புக்குப் போன நாளில் பிள்ளைக்குக் காய்ச்சல் கூடினால், ஆஸ்பத்திரியில் மற்றவரிடம் "நீங்க பிள்ளைக்கு என்ன முறை?" என்றுதான் கேட்பார்கள். அதனால் வந்த கையோடு நம்பிக்கையான சட்டத்தரணி ஒருவரைப் பிடித்து அற்றோணித் தத்துவம் (ஒருவருக்குப் பதிலாக மற்றவர் செயற்பட அதிகாரம் கொடுக்கும் பத்திரம்), விருப்பாவணம் (உயில்) இரண்டையும் பற்றிப் பேசிவிடுங்கள்.

அப்புறம் பாடசாலை. அப்பா கூட இல்லாத வீடு இங்கே யாருக்கும் புதிதில்லை. அம்மா மத்திய கிழக்கில் வீட்டு வேலை, அப்பா கொழும்பில் கடை வேலை, லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீட்டில், அம்மாயியும் சித்தியும் வளர்க்கிறார்கள் என்று எத்தனையோ பிள்ளைகள். கேலி பெரும்பாலும் ஆசிரியர் கண்ணில் படாத இடத்தில்தான் தொடங்கும். ஸ்கூல் வேனின் பின்சீட்டில் பெரிய பையன் ஒருவன், "உங்க வீட்டில யாருடா ஆம்பிள?" என்பான். மற்றவர்கள் சிரிப்பார்கள். அடுத்த நாள் அதுவே பட்டப்பெயராகிவிடும்.

இதற்குப் பயந்து "சித்தி என்று சொல்" என்று பிள்ளைக்குப் பழக்காதீர்கள். நம் வீட்டில் ஏதோ வெட்கக்கேடு இருக்கிறது என்றுதான் அது எடுத்துக்கொள்ளும். "அவங்களும் என்னை வளர்க்கிற அம்மா" என்றால் போதும், அதில் பொய்யும் இல்லை. பதில் சொல்லப் பிடிக்கவில்லையென்றால் சொல்லாமல் இருக்கலாம் என்றும் சொல்லிக்கொடுங்கள். ஊர் முழுக்க விளக்கம் கொடுக்க வேண்டிய கடமை உங்களுக்கும் இல்லை. வகுப்பாசிரியரைக் கொஞ்ச நாள் கவனியுங்கள், மனம் ஒப்பினால் அவரிடம் மட்டும் பேசுங்கள்.

வேனில் போகமாட்டேன் என்று பிள்ளை காலையில் அழுதால் அதட்டாமல் காரணத்தைக் கேளுங்கள். என்றைக்கு, யார், என்ன சொன்னார்கள் என்று கொப்பியில் எழுதி வைத்துக்கொண்டு அதிபரைப் பாருங்கள். கேலி செய்வதைப் பற்றி முறையிட உங்கள் குடும்பக் கதையைச் சொல்லத் தேவையில்லை. அவர் தட்டிக்கழித்தால் வலயக் கல்விப் பணிமனை இருக்கிறது. தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929 எண்ணுக்குப் பிள்ளையே பேசலாம், காசு போகாது. அதை மனப்பாடமாக்கி விடுங்கள்.